மரத்துக்கு ஒரு கத்தி, வீட்டுக்கு ஒரு கத்தி

மலாயா ரப்பரின் கதையை விதையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குப் போய், ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த முதல் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. நம்ம பள்ளிக்கூடப் பாடமும் இங்கேதான் தொடங்கும். விதை, கப்பல், கன்று. அப்புறம் ஒரே தாவலில் தோட்டம், லயம், கங்காணி.

இந்தத் தாவலுக்கு நடுவில் ஒரு பொருள் விடுபட்டுப்போகிறது. அது கத்தி. கன்று வந்துசேர்ந்ததால் மட்டும் தொழில் வந்துவிடவில்லை. 1877க்குப் பிறகு நெடுங்காலம் அந்த மரங்கள் சிங்கப்பூரிலும் பேராக்கிலும் சும்மா நிழல் தந்துகொண்டு நின்றன. ஒரு மரத்தைச் சாகடிக்காமல், இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு அதனிடமிருந்து பால் எடுத்துக்கொண்டே இருப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் ரப்பர் ஒரு தோட்டப்பயிர் ஆனது. அந்த விடை ஒரு கத்தி முனையில் இருந்தது. அந்த முனையை நாள்தோறும் கூர்மையாக வைத்திருந்தவர்களில் பெரும்பங்கினர் தமிழர்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கூர்மையைப் பற்றியது. பால் வெட்டுகிற கத்தி எப்போதும் கூராக இருக்க வேண்டும். அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. வீட்டு வேலைக்கு வேறு கத்தி. தோட்டத்துக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த வழக்கம்தான். ஆனால் இந்தச் சின்ன வழக்கத்துக்குப் பின்னால் தாவரவியல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கொஞ்சம் அநியாயமும் இருக்கிறது.

கொத்துவதும் சீவுவதும்

அமேசான் காட்டில் ரப்பர் சேகரித்தவர்கள் சிறு கைக்கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் ஒரு கொத்து, அதற்குக் கீழே ஒரு கிண்ணம். கோடரி பட்டையோடு நிற்காமல் உள்கட்டை வரைக்கும் இறங்கும். காயம் ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகத் தடித்துவிடும். அங்கே மறுபடி வெட்ட முடியாது. காட்டில் அடுத்த மரத்தைத் தேடிப் போகலாம். காசு போட்டு நட்டு, ஐந்தாறு ஆண்டு களை பிடுங்கி வளர்த்த மரத்தை இப்படிக் கொத்திப் பாழாக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

1888இல் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக வந்தார். முன்பு வந்த கன்றுகள் அதற்குள் மரமாகியிருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த சோதனைகளில் தெளிவானவை இரண்டு. முதலாவது, புதிய புதிய இடத்தில் கொத்தத் தேவையில்லை. ஏற்கெனவே போட்ட வெட்டின் கீழ் ஓரத்தை மெல்லிசாகச் சீவி அதே காயத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கலாம். இரண்டாவது, அப்படித் திறக்கும்போது பால் குறைவதில்லை. முதல் நாளைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் கூடுகிறது. மீன்முள் வடிவத்தில் வெட்டுப் போடும் முறை இந்தச் சோதனைகளிலிருந்து பரவியது. பிறகு மரத்தின் அரைச்சுற்றில் ஒரே சரிவாக இறங்கும் வெட்டு அதன் இடத்தைப் பிடித்தது.

அந்தக் காலத்தில் மலாயாவின் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்குக் காப்பிதான் தெய்வம். கையில் ரப்பர் விதையோடு அலைந்த ரிட்லியைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே கூப்பிட்டார்கள். அவர் பேச்சை நம்பி 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் நட்டவர் டான் சாய் யான் என்ற சீனர். அந்தப் பத்தாண்டின் கடைசியில் காப்பி விலை சரிந்தது. மோட்டார் வாகனமும் காற்றடைத்த டயரும் வந்தன. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. முதல் உலகப்போர் தொடங்கும் காலத்துக்குள் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை முந்திவிட்டது.

இந்த வெற்றிக்கு விதை திருட்டைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒரு வினைச்சொல் மாறியதுதான். கொத்துவது போய்ச் சீவுவது வந்தது. கொத்துவதற்குப் பலம் போதும், கோடரி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் வேலை நடக்கும். சீவுவதற்குக் கூர்மை வேண்டும். அதுவும் காலையில் முதல் மரத்தில் இருக்கும் கூர்மை கடைசி மரம் வரைக்கும் நிற்க வேண்டும்.

ஆரம்பத்தில் இதற்கென்று தனிக் கத்தி கிடையாது. குதிரைக்கு லாடம் அடிப்பவர்கள் குளம்பைச் சீவ வைத்திருந்த முனை வளைந்த கத்தியைக்கூட எடுத்துப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். உயிருள்ள ஒரு பொருளின் மேல்தோலை, உள்ளே இருக்கும் நரம்பில் படாமல் சீவுவதுதானே இரண்டுக்கும் பொது! பிறகு விதவிதமான கத்திகள் வந்தன. இலங்கையிலும் கேரளம், கன்னியாகுமரிப் பக்கங்களிலும் மிச்சி-காலெட்ஜ் என்ற கத்தி நிலைத்தது. நம்ம ஊரில் நிலைத்தது 'ஜெபோங்'. ஒரு கைப்பிடி, அதிலிருந்து நீளும் இரும்புப் பட்டை, அதன் நுனி மடங்கி ஒரு குறுகிய வாய்க்கால் மாதிரி இருக்கும். அந்த மடிப்பின் விளிம்பில்தான் கூர். அதைத் தன் பக்கம் இழுத்துச் சீவ வேண்டும். உயரமான பட்டையில் வெட்ட மேல் நோக்கித் தள்ளும் உளி தனியாக உண்டு.

அரை மில்லிமீட்டர்

நான் பொறியியல் படித்தவன். தொழிற்சாலையில் என் வேலையே உலோகத்தைச் சீவும் கருவிகளோடுதான். அதனால் பட்டையின் அமைப்பைப் படித்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது அளவுகள்.

ரப்பர் மரத்தின் பட்டையில் வெளியே முரட்டுத்தோல். அதற்கு உள்ளே கடினமான அடுக்கு. அதற்கும் உள்ளே மென்மையான அடுக்கு. பால்குழாய்கள் நிறைய இருப்பது இந்தக் கடைசி அடுக்கில். அதைத் தாண்டினால் வளர்திசு. பட்டையையும் கட்டையையும் புதிதாக உண்டாக்குவது அந்த மெல்லிய படலம்தான். கத்தி அதில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முண்டு விழும். ஆக, பால் வேண்டுமென்றால் ஆழமாகப் போக வேண்டும், மரம் வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். வளர்திசுவுக்கு முன்னால் சுமார் 1 மில்லிமீட்டர் விட்டுவிட்டு நிற்பது நல்ல வெட்டு. இன்னும் வெளியே நின்றுவிட்டால் பெரும்பாலான குழாய்கள் அறுபடாது, பால் குறையும்.

இது ஆழத்தின் கணக்கு. பருமனுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வெட்டில் சீவி எடுக்கும் பட்டை சுமார் 1.5 மில்லிமீட்டர் இருக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு, மழை நாட்கள் போக ஆண்டுக்கு 160 வெட்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் ஆண்டில் செலவாகும் பட்டை 24 சென்டிமீட்டர். வெட்டக்கூடிய பட்டையின் உயரம் 120 சென்டிமீட்டர் என்றால் மரத்தின் ஒரு பக்கம் 5 ஆண்டு வரும். பிறகு மறுபக்கம் 5 ஆண்டு. அதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை தடித்து வந்திருக்கும், மறுபடி அங்கே வெட்டலாம்.

இப்போது கத்தி மழுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழுங்கிய விளிம்பு பட்டையை அறுக்காது, பிய்க்கும். மெல்லிசாக எடுக்க முடியாது. ஒரே இழுப்பில் வராத இடத்தில் இன்னொரு இழுப்பு தேவைப்படும். 1.5 மில்லிமீட்டருக்குப் பதில் 2 மில்லிமீட்டர் போகிறது. அரை மில்லிமீட்டர்தானே? ஆண்டுக்கு 32 சென்டிமீட்டர். ஐந்து ஆண்டு வர வேண்டிய பட்டை மூன்றே முக்கால் ஆண்டில் முடிந்துபோகும். இரண்டு பக்கமும் முடிந்து திரும்பி வரும்போது புதுப்பட்டை இன்னும் முதிர்ந்திருக்காது. நகத்தின் பருமன்கூட இல்லாத ஒரு வித்தியாசம், ஒரு தோட்டத்தின் ஆண்டுக்கணக்கான வருமானத்தைத் தின்றுவிடும். இது போதாதென்று, மழுங்கிய கத்திக்குப் பலம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பலம் கொடுத்த கை சட்டென்று நழுவும். நழுவினால் வளர்திசுவில் காயம்.

இதை எந்த நிலையில் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரத்துக்குள் நீரழுத்தம் விடியலுக்கு முன்னால்தான் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், பால் ஓட்டம் தளரும். அதனால் இருட்டில் தலைவிளக்கோடு வேலை தொடங்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400, 500 மரங்கள். 400 மரங்களை 3 மணி நேரத்தில் முடிப்பதாகக் கணக்குப் போட்டால் மரத்துக்கு 27 வினாடி. அதிலேயே அடுத்த மரத்துக்கு நடப்பது, காய்ந்த கோட்டுப்பாலை உரித்து எடுப்பது, மங்கைத் துடைத்து வைப்பது எல்லாம் அடக்கம். கத்தி பட்டையில் இருப்பது சில வினாடிதான். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் கத்தி இறங்க வேண்டும். பால்குழாய்கள் நேர்குத்தாக ஓடாமல் வலப்பக்கமாக லேசாகச் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் குழாய்கள் அதிகம் அறுபடும். மரம் உருண்டை, ஆகவே கை மட்டும் நகர்ந்தால் போதாது. கத்தியோடு சேர்ந்து உடம்பும் மரத்தைச் சுற்றி நகர வேண்டும்.

நான் வேலை செய்யும் இடத்தில் இந்த அளவுத் துல்லியத்துக்குக் கணினி கட்டுப்படுத்தும் இயந்திரம் இருக்கிறது. குளிரூட்டிய அறை, அளவுமானி, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. வெட்டுமுனை தேய்ந்தால் மாற்ற ஒரு அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையில் கையெழுத்துப் போடுவதற்கு எனக்குச் சம்பளம்.

பாட்டியின் இரண்டு கத்திகள்

ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே நடந்துவந்த கங்காணி முறை 1938 வரைக்கும் ஆட்களைக் கொண்டுவந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று வயல் சார்ந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அரிவாளும் மண்வெட்டியும் தெரிந்த கைகள். கதிரறுக்கும் கருக்கரிவாளுக்குப் பல் வேண்டும். தாளைப் பற்றி இழுத்தால் அறுபடும். பால்கத்தியோ பல்லே இருக்கக் கூடாத கத்தி. ஊரில் கற்றது எதுவும் இங்கே அப்படியே உதவாது. நம்ம ஆளுங்க இந்த வேலையை இந்த மண்ணில், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கற்றுக்கொண்டார்கள். அப்பன் ஆத்தாவோடு நிரைக்குப் போன பிள்ளைகள் முதலில் மங்கு துடைத்தார்கள், பிறகு கோட்டுப்பால் உரித்தார்கள், கடைசியில்தான் கத்தியைத் தொட்டார்கள்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். அவரிடம் எப்போதும் இரண்டு கத்தி இருந்தது. பால்கத்தி ஒரு பழைய துணியில் சுற்றி, லயத்து வீட்டின் கதவுக்கு மேலே சொருகியிருக்கும். பிள்ளைகளுக்கு எட்டாது. இன்னொன்று அடுப்படியில் கிடக்கும். அது மரவள்ளி சீவும், கயிறு அறுக்கும், விறகின் பட்டை உரிக்கும், சாக்கு கிழிக்கும். அதை யாரும் தீட்டியதாக அப்பாவுக்கு நினைவில்லை.

சமையலுக்கு ஆத்திர அவசரத்துக்குக்கூடப் பால்கத்தியை எடுக்கக் கூடாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வெங்காயம் வெட்டுற கத்திக்குப் பல்லு போனா வெங்காயம் ஒன்னும் சொல்லாதுய்யா. மரம் சொல்லிரும்" என்றார். அதில் உவமை எதுவும் இல்லை. விளிம்பில் ஒரு சின்ன நெளிவு, ஒரு சின்னக் குறை விழுந்தால் போதும், அது ஒவ்வொரு மரத்தின் வெட்டிலும் ஒரு கோடாகப் பதியும். இழைப்புளியில் பல் போனால் பலகையில் கோடு விழுகிற மாதிரிதான். அந்தக் கோட்டைப் பார்க்க ஆள் இருந்தார்கள்.

தீட்டுவது சாயங்கால வேலை. தண்ணீர்க்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெரிய கல். அதில் வெளிப்பக்கம். அப்புறம் மழமழவென்று இன்னொரு கல். உள்மடிப்புக்கு விரல் மொத்தத்தில் மெல்லிசான கல், அதன் ஓரம் உருண்டையாகத் தேய்ந்திருக்கும். தட்டைக் கல் மடிப்புக்குள் போகாது. போனாலும் வாய்க்காலின் வடிவத்தைக் கெடுத்துவிடும். அந்தச் சின்னக் கல் மட்டும் காலையில் இடுப்புப்பையில் கூடவே போகும். பாதி நிரையில் இரண்டு இழுப்பு. "கை சொல்லும், இப்ப தீட்டுனு" என்பார். வேலையின் நடுவில் கூர் எப்போது விழுகிறது என்பதை இன்று கருவிக்குள் உணரி வைத்து அளக்கிறோம்.

என் மனதில் அதிகம் தங்கியது வேறொரு செய்தி. அடுப்படியில் கிடந்த கத்தியும் ஒரு காலத்தில் பால்கத்திதான். தீட்டித் தீட்டி இரும்பு குறுகி, இனி மரத்துக்கு ஆகாது என்று ஆனபோது அது வீட்டுக்கு வந்தது. நல்ல கூர் இருந்த காலமெல்லாம் மரத்துக்கு. தேய்ந்த பிறகு குடும்பத்துக்கு. பாட்டி இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னே தூக்கியா போட முடியும் என்ற தொனியில்தான் சொன்னார்.

ஒரு கத்தியை ஒதுக்கி வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மழை மாதங்களில் வெட்டிய பட்டையைப் பூஞ்சை அழுகல் பிடிக்கும். நோய் பிடித்த மரத்தைச் சீவிய கத்தி அடுத்த மரத்துக்கும் அதைக் கொண்டுபோகும். அதனால் கத்தியை மருந்தில் தோய்த்துத் துடைக்கச் சொல்வார்கள். மரத்தின் உடம்புக்குள் போகிற கருவி அது, ஒரு மருத்துவரின் கத்திக்கு உள்ள சுத்தம் அதற்கும் வேண்டியிருந்தது.

யாருக்கான கூர்மை

இதுவரை எழுதியதை வாசித்தால் உழைப்பின் அழகைப் பாடுவதுபோலத் தோன்றலாம். அங்கேயே நின்றுவிட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

கூர்மை முதலில் தோட்டத்தின் தேவை. பட்டைதான் முதலாளியின் மூலதனம் என்பதை நிர்வாகிகள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். இத்தனை மாதத்துக்கு இவ்வளவு பட்டைதான் என்று மரத்தில் குறி வைப்பார்கள். கிராணியும் மேலாளரும் நிரைக்கு வந்து வெட்டைப் பார்ப்பார்கள். காயங்களை எண்ணுவார்கள். காயம் அதிகமானால் திட்டு விழும், சில இடங்களில் கூலியிலும் கை வைப்பார்கள். 1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெட்டின் சரிவு, ஆழம், இடைவெளி எல்லாவற்றையும் அளந்து விதி வகுத்தது. அரைச்சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கு ஒரு சுருக்கக் குறியீடே உண்டு. அறிவியல் எல்லாம் சரிதான். ஆனால் அந்த அறிவியல் கடைசியில் போய் உட்கார்ந்த இடம், வெட்டுகிறவரின் மணிக்கட்டு. அவருக்குக் கொடுக்கப்பட்ட பெயர் கூலி.

1930களின் முடிவில் தோட்டத்தில் தர ஊதியம் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே கத்தி, ஒரே பட்டை, விட்டுவைக்க வேண்டிய அதே 1 மில்லிமீட்டர். மரத்துக்கு ஆண் காயம், பெண் காயம் என்று பேதம் தெரியாது. சம்பளப் புத்தகத்துக்குத் தெரிந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான ஊதியம் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் எதிர்த்தார்கள். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. காலையில் 400 மரங்களில் ஒரு சர்ஜனைப்போல வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர் வழியில் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கோபத்தின் அளவு புரிகிறது.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. ஊதிய ஒப்பந்தங்கள் வந்தன. பாலின் எடை, அதில் காய்ந்த ரப்பரின் அளவு, சந்தை விலை என்று கணக்குகள் நுணுக்கமாயின. ஆனால் என் பாட்டியின் தோட்டத்தில் ஸ்டோரில் நிறுக்கப்பட்டது பால்தான். சாயங்காலம் குழாயடியில் உட்கார்ந்து தீட்டிய நேரம் எந்தத் தராசிலும் ஏறவில்லை. தினமும் அரை மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 150 மணி நேரம். முப்பது ஆண்டுக்கு 4,500 மணி நேரம். என் வேலையில் இது இரண்டு முழு ஆண்டுக்கும் மேல்.

அதே நேரத்தில் கூர்மை வெட்டுகிறவருக்கும் வேண்டியிருந்தது. கூரான கத்தி தோளைக் காப்பாற்றும். மழுங்கிய கத்தியோடு 400 மரம் முடித்தால் மறுநாள் கை தூக்க வராது. நல்ல வெட்டுக்காரி என்ற பேருக்கு லயத்தில் மதிப்பு இருந்தது, நிர்வாகம் கொடுக்காத மதிப்பு. ஒரு வெட்டைப் பார்த்தே இது யார் கை என்று சொல்லிவிடுவார்களாம். ஆகவே அந்தக் கூர் முழுக்க முழுக்க முதலாளியுடையதும் இல்லை. முதலாளியின் மரத்தைக் காக்கத் தீட்டிய கத்தியில் தன் உடம்பையும் தன் பேரையும் சேர்த்துக் காத்துக்கொண்டார்கள். நம் முன்னோரை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் எழுதிப் பழகிய நமக்கு இந்த இரட்டைநிலையைப் பிடிப்பது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. கங்காணியின் பிரம்பும் கள்ளுக்கடையும் லயத்துச் சண்டையும் நம் கதைகளில் நிறைய வந்துவிட்டன. நான் வாசித்த அளவில், கத்தி எப்படித் தீட்டப்பட்டது என்பதைப் பொறுமையாகச் சொன்ன பக்கங்கள் மிகக் குறைவு. துயரத்தை எழுதிவைத்தோம், திறமையை எழுதிவைக்க மறந்துவிட்டோம்.

கத்தியை விலக்குதல்

1970கள் தொட்டு அறிவியலின் ஒரு கிளை கத்தியைக் குறைக்கும் வழியைத் தேடியது. எத்தபோன் என்ற ஊக்கியைப் பட்டையில் தடவினால் பால்குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளாது, ஓட்டம் நீளும். அதனால் மூன்று, நான்கு நாளுக்கு ஒரு வெட்டு போதும். வெட்டுவதற்குப் பதில் ஊசியால் துளையிட்டுப் பால் எடுக்கும் முறையையும் சோதித்தார்கள். இன்று மின்கலத்தில் ஓடும் வெட்டுக் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் போகாமல் தடுக்கும் ஒரு காப்பு அவற்றில் உண்டு. முனை மழுங்கினால் கழற்றி வேறு மாட்டலாம். அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆழக் காப்பு இருக்கும் இடத்தில் முன்பு மணிக்கட்டு இருந்தது. மாற்று முனை இருக்கும் இடத்தில் குழாயடிக் கல் இருந்தது. ஒரு மனிதரின் அறிவைப் பகுதி பகுதியாகப் பிரித்து உலோகத்தில் வார்த்த பிறகுதான், அது அறிவு என்பதே நமக்குக் கண்ணில் படுகிறது.

அதற்குள் தோட்டங்களே மாறிவிட்டன. செம்பனை ரப்பரைத் தள்ளியது. 1990களின் தொடக்கத்தில் உலகின் முதல் ரப்பர் உற்பத்தியாளர் என்ற இடத்தைத் தாய்லாந்து எடுத்துக்கொண்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின. லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்கு வந்தவர்களிடம் வேலை விண்ணப்பப் படிவம் கேட்டது, திறன் என்ன, சான்றிதழ் என்ன என்றுதான். என் பாட்டி அந்த இடத்தைக் காலியாக விட்டார். பிறகு ஒரு தொழிற்சாலையில் தரை துடைத்தார். அரை மில்லிமீட்டரை இருட்டில் பிடிக்கத் தெரிந்த கை அது. அதைத் திறனற்ற வேலையாள் என்ற பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு பொய்யான பதிவு நேர்மையான முகத்தோடு எப்படி உருவாகிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. யாரும் வேண்டுமென்றே பொய் எழுதவில்லை. அந்தத் திறமைக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் பார்த்த காட்சியகங்களில் ஜெபோங் கத்தி இருக்கிறது. மங்கு இருக்கிறது, வாளி இருக்கிறது, காண்டா கம்பு இருக்கிறது. தீட்டுக்கல்லை எங்கும் பார்க்கவில்லை. கத்தியைப் பார்க்கிறவர் வெட்டைப் பற்றிக் கேட்பார். கல்லைப் பார்த்தால்தான் தீட்டியவரைப் பற்றிக் கேட்கத் தோன்றும்.

பால் வெட்டிய கடைசித் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இதை வாசிப்பவர்களில் பலருக்கு அப்படி ஒருவராவது வீட்டில் இருப்பார்கள். பெரிய கேள்விகளோடு போக வேண்டாம். எந்தக் கல்லில் தீட்டினீங்க, எத்தனை கல் வச்சிருந்தீங்க, உள்மடிப்புக்கு எதைப் போட்டுத் தேய்ப்பீங்க, கூர் விழுந்தது எப்படித் தெரியும், அடுப்படிக் கத்தி எது என்று கேட்டால் போதும். அவர்கள் சொல்கிற விதத்திலேயே, அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். கோட்டுப்பால், மங்கு, நிரை என்ற சொற்களோடு சேர்ந்து, அந்தக் கற்களுக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் என்ன பெயர் இருந்தது என்பதும் போய்க்கொண்டிருக்கிறது.